முகாம் பேனரில் யார் லோகோ என்று பாருங்க, தோழர்களே!

இப்போ எங்கே மருத்துவ முகாம் நடந்தாலும் முதலில் கண்ணில் படுவது பேனர்தான். கீழே வரிசையாக லோகோக்கள்: ஒரு தொண்டு நிறுவனம், ஒரு தனியார் ஆஸ்பத்திரி, ஒரு வங்கி, ஒரு கம்பெனி. "எல்லாரும் சேர்ந்து நல்லதுதானே செய்யுறாங்க, இதுல என்னங்க அரசியல்?" என்று சிலர் கேட்கிறார்கள்.

இருக்கிறது. யார் யாரோடு சேர்கிறார்கள், சேர்ந்து எதைப் பேசுகிறார்கள், எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்பதெல்லாம் அரசியல்தான்.

கூட்டு முயற்சியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கூட்டு முயற்சி இல்லாமல் இந்தியாவில் போலியோ ஒழிந்திருக்காது.

1985-ல் ரோட்டரி சங்கம் போலியோ ஒழிப்பைக் கையில் எடுத்தது. 12 கோடி டாலர் திரட்டுவது இலக்கு. மூன்றே ஆண்டில் 24 கோடிக்கு மேல் சேர்ந்தது. ஆனால் பணம் மட்டும் போதாது என்று அவர்களுக்கே தெரியும். 1988-ல் உலக சுகாதார சபை போலியோவை ஒழிக்கத் தீர்மானம் போட்டபோது வேலை பிரிக்கப்பட்டது. தொழில்நுட்ப வழிகாட்டல் உலக சுகாதார நிறுவனம். தடுப்பு மருந்து வாங்குவதும் மக்களிடம் எடுத்துச் சொல்வதும் யுனிசெஃப். நிதியும் ஊர் ஊராகத் தன்னார்வலர்களும் ரோட்டரி. குழந்தையின் வாயில் சொட்டு மருந்து போடுவது அந்தந்த நாட்டு அரசு.

இந்தியாவில் 1995-ல் நாடு தழுவிய போலியோ முகாம் தொடங்கியது. ஒரே நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுக்கும் அந்த 'பல்ஸ்' முறையை அதற்கு முன்பே செய்து காட்டிய ஊர்களில் நம்ம வேலூரும் ஒன்று.

ஆனால் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் நோய் அடங்கவில்லை. 2009-ல் உலகம் முழுக்க 1,604 பேருக்குப் போலியோ. அதில் 741 பேர் இந்தியாவில். "இது குழந்தை பிறக்காமல் செய்யும் மருந்து" என்ற வதந்தி பல வீடுகளின் கதவைச் சாத்தி வைத்திருந்தது. அந்தப் பயம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் ஏழைகளைப் பிடித்துக் கட்டாயக் கருத்தடை செய்த நினைவு வட மாநிலங்களில் இன்னும் ஆறவில்லை. அரசு முத்திரையைப் பார்த்தாலே ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள்.

அந்தக் கதவைத் திறந்தது விளம்பரமா? விளம்பரம் மட்டும் இல்லை. அதே தெருவில் வாழும் பெண்களை யுனிசெஃப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பியது. இமாம்கள் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் துணை நின்றன. ரோட்டரி உலமாக்களைக் கூட்டிப் பேசியது. மக்கள் யாரை நம்புகிறார்களோ அவர்களைக் கூட்டாளி ஆக்கினார்கள். 2011 ஜனவரி 13-ல் ஹவுராவில் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததுதான் கடைசி. 2014 மார்ச் 27-ல் இந்தியாவுக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது.

இதில் ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. செலவில் பெரும்பகுதி அரசுப் பணம், அதாவது நம்ம வரிப்பணம். ஒவ்வொரு தேசிய முகாமிலும் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள். தொண்டு நிறுவனம் அரசுக்குத் தோள் கொடுத்தது, அரசின் இடத்தில் போய் உட்காரவில்லை.

இப்போ இன்னொரு பக்கத்தைப் பாருங்க. 2010-ல் அமெரிக்காவின் பெரிய மார்பகப் புற்றுநோய்த் தொண்டு நிறுவனமான சூசன் ஜி. கோமென், கேஎஃப்சி-யோடு கைகோர்த்தது. பொரித்த கோழியைப் பிங்க் நிற வாளியில் விற்றார்கள். ஒரு வாளிக்கு 50 சென்ட் நன்கொடை. பல லட்சம் டாலர் வந்தது உண்மை. ஆனால் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு உடல் பருமன் மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் என்பதும் உண்மை. கோழி வாளியை விற்றுக்கொண்டே அதைப் பற்றி எப்படிப் பிரசாரம் செய்வது? நன்கொடை வாங்கிய வாய் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கட்டிப்போடப்படும். கடும் விமர்சனம் எழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

நமக்கு எதுக்கு இந்த அமெரிக்கக் கதை? 2014 முதல் இந்தியாவில் பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் இனிப்புப் பானம் விற்கும் கம்பெனி நாளைக்கே சர்க்கரை நோய் விழிப்புணர்வு முகாமுக்கு ஸ்பான்சர் ஆகலாம்! குழந்தைகளுக்கான பால்பவுடர் விஷயத்தில் 1992-லேயே சட்டம் போட்டு விளம்பரத்தைத் தடுத்த நாடு இது. மற்றதற்கும் கோடு கிழிக்க முடியாதா?

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. அரசு மருத்துவமனை, அரசுப் பள்ளி வளாகத்தில் நடக்கும் முகாமுக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள், என்ன நிபந்தனை என்பதை வெளியிட வேண்டும்.

2. நோயை உண்டாக்கும் பொருளை விற்பவர், அந்த நோய்க்கான பிரசாரத்தில் கூட்டாளியாகக் கூடாது.

3. தொண்டு நிறுவனம் வருகிறது என்று சொல்லி அரசு மருத்துவர், செவிலியர் பணியிடங்களைக் காலியாகப் போடக் கூடாது. வீடு வீடாக ஏறி இறங்கும் ஆஷா பணியாளர்களுக்கு ஊக்கத்தொகை மட்டும் போதாது, முறையான ஊதியம் வேண்டும்.

தோழர்களே, கோரிக்கை வைத்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. உங்க வார்டில் அடுத்த தடுப்பூசி முகாம் எப்போது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க. தயங்கும் வீடுகளுக்குச் செவிலியர் அக்காவோடு நீங்களும் போங்க. உங்களை அந்தத் தெருவுக்குத் தெரியும். கட்சிக் கொடி வேண்டாம், துண்டு வேண்டாம், போட்டோவும் வேண்டாம். குழந்தைக்கு ஊசி போட்டாச்சா என்பது மட்டும்தான் கணக்கு.

#மக்கள்நல்வாழ்வு #அரசுமருத்துவம்காப்போம்