காருக்குக் கரண்டு வேணும். அதுக்காக ஒயர் ரோட்டில் கிடக்கணுமா?

சாந்தோமில் இரவு மணி பத்து. கடைகள் மூடியாகிவிட்டன. கடற்காற்று சிலுசிலுவென்று அடிக்கிறது.

பழைய அடுக்குமாடி ஒன்றின் மாடி ஜன்னல் திறக்கிறது. அதிலிருந்து ஒரு ஒயர் மெதுவாகக் கீழே இறங்குகிறது!

வந்திருப்பது திருடனா? இல்லை. தெருவோரம் நிற்கும் காருக்கு ராச்சாப்பாடு போகிறது!

காம்பவுண்டு சுவரைத் தாண்டி, நடைபாதையைக் குறுக்கே வெட்டி, சாக்கடை மூடிமேல் படுத்து, அந்த ஒயர் காரில் போய்ச் சொருகிக்கொள்கிறது. விடியும்வரை கரண்டு ஓடுகிறது. பால்காரர் வருகிறார், பேப்பர் பையன் சைக்கிளில் வருகிறான், தெரு கூட்டும் அம்மா துடைப்பத்தோடு வருகிறார். எல்லோரும் அந்த ஒயரைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"இன்னா சார் இது, பாம்பு மாதிரி ஒயரு கெடக்குது!" என்று கேட்டால், "பார்த்துப் போப்பா" என்பதுதான் பதில்.

மின்சாரக் கார் வந்தபிறகு பட்டணத்துக்கு வந்திருக்கும் புதுக் காட்சி இது. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, தி.நகர் என்று எங்கெல்லாம் பழைய வீடும் குறுகிய தெருவும் உண்டோ, அங்கெல்லாம் இந்தத் தலைவலியும் உண்டு.

ஏன் வாங்குகிறார்கள்?

மின்சாரக் கார் நேற்று முளைத்த அதிசயம் அல்ல. 1993-லேயே 'லவ்பேர்ட்' என்ற இரண்டு பேர் போகும் மின்சாரக் கார் இந்தியாவில் வந்தது. 2001-ல் பெங்களூரிலிருந்து 'ரேவா' வந்தது. இரண்டும் ஈய பேட்டரி வண்டிகள். வேடிக்கை பார்த்தவர்கள் அதிகம், வாங்கியவர்கள் குறைவு.

2020-க்குப் பிறகுதான் கதை மாறியது. லித்தியம் பேட்டரி வண்டிகள் பெருகின. பெட்ரோல் விலையும் விரட்டியது. 2025-ல் சென்னையில் ஒரு லிட்டர் 100 ரூபாய்க்கு மேலேயே நின்றது.

சர்க்காரும் கை கொடுத்தது. 2019 ஆகஸ்டில் மின்சார வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. தமிழ்நாடு அரசின் 2023-ம் ஆண்டுக் கொள்கை, 2025 டிசம்பர் 31 வரை சாலை வரியை முழுக்கத் தள்ளுபடி செய்தது. 2022 ஜூன் முதல் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் பிரீமியத்திலும் 15 சதவீதம் கழிவு கிடைத்தது.

கார் தயாரிப்பும் நம் ஊருக்கே வந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் வியட்நாம் கம்பெனியான வின்பாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலையைத் திறந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஹூண்டாயும் மின்சாரக் கார் செய்கிறது.

காரை இங்கேயே செய்கிறோம். அதைச் சொருக ஒரு பிளக் பாயிண்டுக்குத்தான் பஞ்சம்!

லாபமா, நஷ்டமா?

"கரண்டு கார் வாங்கினால் காசு மிச்சம்" என்று ஒரு கட்சி. "எல்லாம் டுபாக்கூர், பில் வந்தால் தெரியும்" என்று இன்னொரு கட்சி. இரண்டு பேச்சையும் ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு குடும்பம். வீட்டில் ஒரு ஏ.சி. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடுகிறது. கார் மாதம் 1,000 கிலோமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 2,000 கிலோமீட்டர்.

பட்டண நெரிசலில், ஏ.சி. போட்டு ஓட்டினால், ஒரு யூனிட்டுக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் கிடைக்கும். சார்ஜ் ஏறும்போது சூடாகி வீணாவதையும் சேர்த்து 300 யூனிட் என்று போடலாம். ஆக மொத்தம் 800 யூனிட்.

2024 ஜூலைக் கட்டணப்படி 501 முதல் 600 வரை யூனிட் 8 ரூபாய் 55 காசு. 601 முதல் 800 வரை 9 ரூபாய் 65 காசு. கணக்குப் போட்டால் 2,785 ரூபாய் வருகிறது. 500 யூனிட்டைத் தாண்டியதால் கை நழுவும் சலுகையையும் சேர்த்தால் சுமார் 3,000 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்!

இதே தூரத்துக்குப் பெட்ரோல் கார் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுத்தால், 100 ரூபாய் விலையில் 14,300 ரூபாய் ஆகும். கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய்க்கு மேல்!

வருஷத்துக்கு மிச்சம் சுமார் 67,000 ரூபாய். என்ஜின் ஆயில் கிடையாது; ஸ்பார்க் பிளக் கிடையாது; கிளட்ச் கிடையாது. சர்வீஸ் செலவும் குறைவு. பிரேக் கட்டையும் சீக்கிரம் தேயாது.

ஆனால்...

அவசரப்பட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட வேண்டாம்! கணக்கின் மறுபக்கமும் இருக்கிறது.

மின்சாரக் கார் அதே அளவு பெட்ரோல் காரைவிட விலை கூடுதல். மூன்று லட்சம் கூடுதல் என்று வைத்துக்கொண்டால், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது நாலரை வருஷத்தில் திரும்பி வரும்.

ரிட்டயர் ஆனவர் ஒருவர். கபாலீசுவரர் கோவில், மருந்துக் கடை, பேரப்பிள்ளை வீடு, இவ்வளவுதான் ஓட்டம். மாதம் 500 கிலோமீட்டர். அவருக்கு அந்த மூன்று லட்சம் திரும்ப ஒன்பது வருஷம் ஆகும். பேட்டரிக்குப் பெரும்பாலான கம்பெனிகள் கொடுக்கும் வாரண்டியோ எட்டு வருஷம். பிறகு பேட்டரி மக்கர் செய்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கே போய்விடும்!

விளம்பரத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கையும் அப்படியே நம்பக்கூடாது. சோதனைக்கூடத்தில் கிடைப்பது வேறு. சித்திரை வெயிலில் ஏ.சி.யோடு கிடைப்பது வேறு. விளம்பரத்தில் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். சாந்தோமிலிருந்து மாமல்லபுரம் போய்வரக் கவலை இல்லை. புதுச்சேரி போய்த் திரும்ப வேண்டுமானால் நடுவில் சார்ஜுக்கு எங்கே நிற்பது என்று முதலிலேயே முடிவு செய்யவேண்டும்.

வண்டி கனம். அதனால் டயர் கொஞ்சம் வேகமாகத் தேயும். கடலோரத்தில் உப்புக்காற்று வேறு. இரும்புப் பெட்டி, திருகாணி, பிளக் முனை எதையும் அது விட்டுவைக்காது. சார்ஜர் பெட்டியை மூடி போட்டுக் காக்காவிட்டால் துரு பிடிக்கும்.

பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. விளக்கும் ஃபேனும் அதைக் கண்டுகொள்ளாது. கார் கண்டுகொள்ளும்! எர்த் இல்லை என்றால் சார்ஜ் ஏறாமல் முரண்டு பிடிக்கும் கார்கள் உண்டு. அதற்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழி தோண்டும் செலவு தனி.

பிளக் இல்லாதவன் பாடு

இவ்வளவு கணக்கும் யாருக்கு? சொந்தமாக ஒரு பிளக் பாயிண்ட் உள்ளவருக்கு!

அது இல்லாதவர் வெளியில் காசு கொடுத்து சார்ஜ் போடவேண்டும். அங்கே மின்சார விலையோடு கம்பெனியின் லாபம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. யூனிட் 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய். வீட்டில் போடுவதைப் போல இரண்டு மடங்கு! கியூவில் காத்திருக்கும் நேரத்துக்குக் கணக்கே இல்லை.

பங்களாவாசிக்கு ஒன்றரை ரூபாய். வாடகை வீட்டுக்காரருக்கு மூன்று ரூபாய். இதுதான் இன்றைய நியாயம்.

அதனால்தான் ஜன்னல் வழியாக ஒயர் இறங்குகிறது. அது தப்புதான். ஆனால் அந்தத் தப்புக்குப் பின்னால் ஒரு கதவு அடைபட்டிருக்கிறது.

அடைப்பது யார்? பல இடங்களில் குடியிருப்போர் சங்கம்! "உங்க காருக்கு நாங்க ஏன் சார் கரண்டு குடுக்கணும்? நாளைக்குத் தீப்பிடிச்சா யார் பொறுப்பு?" என்கிறார் செயலாளர். "நானும் மெயின்டனன்ஸ் கட்டுறேனே சார், எனக்கு ஒரு பாயிண்டு கிடையாதா?" என்கிறார் கார்க்காரர். கூட்டம் கூச்சலில் முடிகிறது.

செயலாளர் பயப்படுவதிலும் அர்த்தம் உண்டு. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறித் தந்தையும் மகளும் மாண்டுபோனார்கள். அந்த வருஷம் அடுத்தடுத்து நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான் பேட்டரிக்கான பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு கடுமையாக்கியது.

ஆனால் பயத்துக்கு மருந்து, "கிடையாது போ" என்று சொல்வதா? சொன்னதால் என்ன ஆயிற்று? கீழே சுவரில் கெட்டியாக இருக்கவேண்டிய பிளக், மாடியிலிருந்து தொங்கும் ஒயராக மாறியது. ஆபத்து குறையவில்லை, தெருவுக்கு வந்துவிட்டது!

சாதாரண பவர் பிளக்கில் கார் சார்ஜ் ஏற எட்டு மணி, பத்து மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் சுமார் 3 கிலோவாட் இழுக்கும். ஒரு வாட்டர் ஹீட்டரை ராத்திரி முழுக்க ஓடவிடுவது மாதிரி! இஸ்திரிப் பெட்டிக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பெட்டி இதைத் தாங்குமா? சூடாகும். இளகும். தோல் உரியும். அதன்மேல் மழைத் தண்ணீர் நின்றால்?

2025 ஆகஸ்டில் கண்ணகி நகரில் என்ன நடந்தது? விடிகாலையில் வேலைக்குப் போன தூய்மைப் பணியாளப் பெண் ஒருவர், தேங்கிய மழைத் தண்ணீரில் கால் வைத்தார். தண்ணீரில் கசிந்திருந்த மின்சாரம் தாக்கி அங்கேயே உயிரை விட்டார். அந்த விபத்துக்கும் காருக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பட்டணத்து மழைத் தண்ணீரும் கரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

வேடிக்கை என்னவென்றால், சட்டம் எப்போதோ வழிவிட்டுவிட்டது! 2022 ஜனவரியில் மத்திய மின்சார அமைச்சகம் வெளியிட்ட நெறிமுறைப்படி, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இணைப்பிலேயே சொந்தக் காருக்கு சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். 2024 பிப்ரவரியில் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தினார்கள். அதன்படி கார் சார்ஜுக்கு என்றே தனி இணைப்பு கேட்கலாம். பெருநகரங்களில் புது இணைப்பு கொடுக்க மூன்று நாள்தான் கெடு.

புதிதாகக் கட்டும் கட்டடங்களில், கார் நிறுத்தும் இடத்தில் 20 சதவீதத்துக்கு சார்ஜ் வசதி வேண்டும் என்று 2019-லேயே மத்திய மாதிரிக் கட்டட விதிகளில் சேர்த்தாகிவிட்டது.

புதுக் கட்டடம் சரி. நாற்பது வருஷத்துப் பழைய கட்டடம்? அங்கேதான் சட்டம் வாட்ச்மேனைத் தாண்ட முடியாமல் கேட்டிலேயே நிற்கிறது.

செய்யவேண்டியது இதுதான்

முதலில் கார்க்காரர்கள். ஒயரை உள்ளே இழுங்கள்! தனி மீட்டர், கெட்டியான கேபிள், சரியான எர்த், கசிவு வந்தால் உடனே ட்ரிப் ஆகும் சுவிட்சு. இந்த நாலும் இல்லாமல் சார்ஜ் போடக்கூடாது. பல லட்சம் கொடுத்து கார் வாங்கியவர், பக்கத்து வீட்டுக் குழந்தையின் உயிருக்காகச் சில ஆயிரம் செலவழிக்கக் கூடாதா? காரை முடிவு செய்யும் முன்னே பிளக்கை முடிவு செய்யுங்கள்.

அடுத்து சங்கங்கள். "கிடையாது" என்ற ஒரு வார்த்தையை விட்டுவிட்டு, "எப்படிச் செய்தால் ஆபத்தில்லை" என்று கேளுங்கள். தனி மீட்டர் என்றால் பில் அவர் தலையில். பொதுப் பணத்தில் ஒரு காசும் போகாது. இன்றைக்கு ஒரு கார். நாளைக்கு அதே கட்டடத்தில் பத்து கார் வரும். அப்போது பத்து ஒயரா தொங்கவிடுவது?

மூன்றாவது மின்வாரியம். விண்ணப்பம் வந்தால் ஆள் அனுப்பி மெயினையும் எர்த்தையும் பார்க்கட்டும். லோடு போதாது என்றால் எவ்வளவு கட்டினால் கூடும் என்று அன்றைக்கே சொல்லட்டும். தெருவில் கார்கள் கூடினால் டிரான்ஸ்பார்மர் தாங்குமா என்பதையும் இப்போதே பார்க்கட்டும். கோடையில் ஏ.சி.க்கே மூச்சு வாங்குகிற பெட்டிகள் அவை!

நாலாவது மாநகராட்சி. கார் நிறுத்த இடமே இல்லாமல் தெருவில் விடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அவர்களுக்குத் தனி மீட்டரும் உதவாது. மாநகராட்சி வாகன நிறுத்தங்களில் இரவில் மெதுவாக ஏறும் சார்ஜ் பாயிண்டுகள் போட்டு, வீட்டுக் கட்டணத்தை ஒட்டிய விலையில் கொடுக்கலாமே? 2025 ஜூனில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் 120 மின்சாரப் பஸ்களை வியாசர்பாடியிலிருந்து விட்டது. அத்தனை பஸ்ஸுக்கு டிப்போவில் சார்ஜ் ஏற்பாடு செய்ய முடிந்த ஊரில், தெருவுக்கு நாலு பாயிண்ட் முடியாதா?

மழை காத்திருக்காது

வடகிழக்குப் பருவமழை யாருக்காகவும் தள்ளிப்போகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்டு இல்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே, காரைக் காப்பாற்ற வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். இந்த ஊர் ஜனங்களுக்குக் காரைக் காப்பாற்றத் தெரியும்.

ஆனால் சாந்தோம் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும் ஒரு ராத்திரியில், அந்தத் தண்ணீருக்குள் ஒரு ஒயர் கிடந்தால், அதை மிதிக்கப் போவது கார் அல்ல. விடிகாலையில் மீன் கூடையோடு நொச்சிக்குப்பத்திலிருந்து வரும் அம்மா. பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பிள்ளை.

விபத்து நடந்தபிறகு ஓடிவந்து ஒயரை அறுப்பதில் என்ன பிரயோசனம்? இப்போதே அறுக்கவேண்டும். அறுத்த கையோடு ஒரு பிளக்கும் கொடுக்கவேண்டும்.

செய்வார்களா?