குலுங்கும் ஜீப்பும் குற்றம் காணும் முறையும்

பழைய வீடு வாங்குவோர் முதலில் கூரையைப் பார்ப்பர். பழைய ஜீப் வாங்குவோரோ இயந்திரத்தின் ஓசையைக் கேட்டு, வர்ணத்தின் பளபளப்பைக் கண்டு, பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகின்றனர். குடும்பத்தாரை ஏற்றிக்கொண்டு முதற் பயணம் போகும்போதுதான் பின் ஆசனத்திலிருந்து "ஐயோ!" என்ற குரல் எழுகின்றது.

என் மைத்துனர் ஒருவர், ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்திலே, ஜப்பானிலிருந்து வந்த பத்தாண்டுப் பழைமையுடைய ஜீப் ஒன்றை வாங்கினார். நோயாளியான தாயாரை மாதந்தோறும் வைத்தியசாலைக்குச் சிரமமின்றி அழைத்துச் செல்லவேண்டும் என்பதே அவர் எண்ணம். ஆனால் முதன்முறை போய் வந்த மாலையே, "தம்பி, இனி என்னை அதில் ஏற்றாதே. என் வருத்தத்தைவிட உன் வண்டி பொல்லாதது" என்று கூறிவிட்டார் அம்மையார்.

வண்டியைக் கராஜ் ஒன்றிற் காட்டினார். அங்கிருந்தவர் குனிந்தும் பாராமல், "நாலு ஷொக் அப்சோபரும் போய்விட்டன, ஐயா. நாலையும் மாற்றவேண்டும்" என்றார். அவர் சொன்ன தொகையைக் கேட்ட மைத்துனர், வண்டியையே விற்றுவிடலாமா என்ற யோசனையுடன் வீடு திரும்பினார்.

இவ்விடத்தில் வாசகர்கள் ஒன்றை அறிந்துகொள்ளல் நன்று. வண்டியின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். அது சுருளாக இருக்கலாம். இரும்புப் பட்டைகளை அடுக்கியதாகவும் இருக்கலாம். சில்லு மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும்போது சுருங்கி நீண்டு அதிர்ச்சியை ஏற்பது அதுவே. ஆனால் ஒருமுறை அசைந்த ஸ்பிரிங், ஊஞ்சலைப் போலச் சில தடவை ஆடிய பின்னரே ஓயும். அந்த ஆட்டத்தை உடனே அடக்குவதுதான் ஷொக் அப்சோபரின் தொழில். அதனுள்ளே ஒரு பிஸ்ரன், எண்ணெயைச் சிறு துவாரங்களினூடாகத் தள்ளுகின்றது. எண்ணெய் நெருக்குண்டு பாயும்போது ஆட்டத்தின் சக்தி வெப்பமாகி மறைகின்றது. ஆகவே, அது பழுதடைந்த வண்டி பெரும்பாலும் தோணியைப் போல அலையும். கல்லில் மோதுவதுபோல இடிப்பதற்குக் காரணம் வேறாயிருத்தல் கூடும்.

நல்ல நிலையிலுள்ள காரின் உடல் விநாடிக்கு ஒன்று அல்லது ஒன்றரைத் தடவை மெல்ல ஏறி இறங்கும். நாம் நடக்கும் தாளத்துக்கு இது அண்மையானது. உடல் அதைப் பொறுத்துக்கொள்ளும். விநாடிக்கு 4 முதல் 8 தடவை வரும் மேல்கீழ்க் குலுக்கலே மனித உடலை மிகவும் வருத்துவது. முதியோர் முதுகைப் பிடித்துக்கொண்டு முறையிடுவது வீணுக்கன்று.

மறுநாட் காலை, உயர்தர வகுப்பிற் பௌதிகம் கற்கும் மைத்துனரின் மகள் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தாள். கதவு பொருந்தும் தூணில் ஒட்டியிருந்த சிறு தாளைக் கண்டு, "அப்பா, இதில் 200 கிலோபாஸ்கல் என்று இருக்கிறது. நாங்கள் எவ்வளவு காற்று அடிக்கிறோம்?" என்று வினவினாள்.

"44 இறாத்தல். ரயரிலேயே அப்படித்தானே எழுதியிருக்கிறது?" என்றார் தந்தை.

சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் என்பது ஏறக்குறைய 6.9 கிலோபாஸ்கல். மகள் வகுத்துப் பார்த்தாள், 29 வந்தது. ரயரின் பக்கத்தில் எழுதியிருப்பது அது தாங்கக்கூடிய உச்ச அளவு. அந்த வண்டிக்கு உகந்த அளவு கதவுத் தூணிலேயே உள்ளது. ஒன்றரை மடங்கு காற்றை ஏற்றி, ரயரைக் கல்லாக்கி, அதன்மேல் நோயாளியை அமர்த்தியிருந்தார் என் மைத்துனர்!

ஆதலின் குற்றத்தை நிலத்திலிருந்து மேல்நோக்கித் தேடுதலே முறை. முதலிற் காற்று. வண்டி ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கும் காலையில் அளந்து பார்க்க. குறித்த அளவுக்குக் கீழேயும் இறக்கலாகாது. ரயர் சூடேறி வெடிக்கக்கூடும். பாரம் மிகும்போது வேறு அளவு குறித்திருப்பின் அதனைப் பின்பற்றுக.

அடுத்தது ரயர். அதன் பக்கத்திலுள்ள நான்கு இலக்கங்கள் பிறந்த தேதியைச் சொல்லும். 2316 எனின் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். முதிர்ந்த இறப்பர் இறுகிவிடும். அழகுக்காகப் பெரிய வளையம் பூட்டியிருக்கின்றதா என்பதையும் நோக்குக. 265/70 அளவுடைய 16 அங்குல ரயரின் பக்கச்சுவர் 185 மில்லிமீற்றர் உயரமுடையது. 265/50 அளவுடைய 20 அங்குல ரயரில் அது 132 மட்டுமே. குறைந்த அந்த ஐந்து சென்றிமீற்றரும் மெத்தையிற் குறைந்தவையே.

அதன் பின்னரே மேலே செல்லுக. சமதரையில் வண்டியை நிறுத்தி, சில்லின் நடுவிலிருந்து மட்காட்டின் விளிம்பு வரை அளந்து, இடப்பக்கத்தை வலப்பக்கத்தோடு ஒப்பிடுக. ஓர் அங்குல வேறுபாடிருப்பின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். பெரிய பள்ளத்தில் "தொம்" என்று அடிப்பதும் அதன் அடையாளம். "டொக் டொக்" என்று தட்டினால் வெடித்த இறப்பர்ப் புஷ்களைத் தேடுக. மேடு தாண்டிய பின்னும் வண்டி ஆடினால், அல்லது ஷொக் அப்சோபரில் எண்ணெய் வடிந்திருந்தால், அதனை மாற்றவேண்டியதே. இதிற் சிக்கனம் பாராட்டலாகாது. அடக்குவாரற்ற சில்லு வீதியை விட்டுத் துள்ளும். பிறேக் பிடித்தாலும் வண்டி நிற்கக் கூடுதல் தூரம் வேண்டும்.

மைத்துனரின் வண்டியிலும் பின் இடப்பக்க ஷொக் அப்சோபர் ஒன்று எண்ணெயில் நனைந்திருந்தது. கராஜுக்காரர் சொன்னது முற்றும் பொய்யன்று. ஆனால் நாலும் போகவில்லை. ஓர் அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது முறையாதலால் பின்னிரண்டையும் மாற்றினார். முன்னிரண்டுக்குரிய பணம் கையில் மிஞ்சியது.

அடுத்த மாதம் தாயாரை வற்புறுத்தித்தான் ஏற்றவேண்டியிருந்தது. ஒழுங்கையைத் தாண்டி, பெருந்தெருவின் குழிகளையும் தாண்டி, வைத்தியசாலை வாயில் வரை அவர் வாய் திறக்கவில்லை. இறங்கும்போது, "இது புது வண்டியா, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

"இல்லை அம்மா, உங்கள் பேத்தி படித்துப் பார்த்த வண்டி" என்றார் மைத்துனர்.

வாங்குமுன் பாருங்கள்; மாற்றுமுன் அளவுங்கள். ஒரு காற்றமுக்கமானியும் ஓர் அளவுநாடாவும் வண்டியில் இருக்கட்டும்.