யாரிடம் பிணை கேட்கிறது வங்கி?

கல்விக் கடன் கேட்டு வங்கிப் படியேறும் நம் பிள்ளைகளிடம் என்னென்ன கேட்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். வீட்டுப் பத்திரம் உண்டா, அரசு ஊழியர் யாராவது ஜாமீன் போடுவார்களா என்று கேட்டு, அடுத்த வாரம் வரச் சொல்லி அலைய விடுகிறார்கள். வைர வியாபாரிகளிடம் ஒரு பொதுத்துறை வங்கி என்ன கேட்டது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

மும்பைக் கிளை ஒன்றில் சுமார் 11,400 கோடி ரூபாய் மோசடி நடந்திருப்பதாக 2018 பிப்ரவரி 14 அன்று பஞ்சாப் நேஷனல் வங்கி அறிவித்தது. பின்னர் அந்தத் தொகை 13,000 கோடியைத் தாண்டியது. வெளிநாட்டில் சரக்கு வாங்கும் வியாபாரிக்கு டாலர் வேண்டும். “இவருக்குக் கொடுங்கள், அவர் கட்டாவிட்டால் நாங்கள் கட்டுகிறோம்” என்று வங்கி தரும் கடிதமே கடன் உறுதிக் கடிதம். மும்பையிலிருந்து போன அந்தக் கடிதங்களை நம்பி, அலகாபாத் வங்கி, யூனியன் வங்கி ஆகியவற்றின் ஹாங்காங் கிளைகள் உள்ளிட்ட இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளைகள் டாலரைக் கொடுத்தன.

கடிதம் தருவதற்கு முன் வாங்க வேண்டிய பிணைத் தொகை வாங்கப்படவில்லை. கடிதங்கள் ஸ்விஃப்ட் எனும் தகவல் முறையில் வெளிநாடு போயின, ஆனால் வங்கியின் கணக்கில் ஏறவில்லை. பழைய கடனைப் புதிய கடிதத்தின் பணத்தால் அடைத்தார்கள். பல ஆண்டுகளாக இது எந்தத் தணிக்கையிலும் சிக்கவில்லை. 2018 ஜனவரியில் முழுப் பிணைத் தொகை கேட்கப்பட்ட பிறகே குட்டு உடைந்தது. அதற்குள் குற்றம் சாட்டப்பட்ட நீரவ் மோடியும் மெகுல் சோக்சியும் நாட்டை விட்டுப் போயிருந்தார்கள்.

அந்த நிதியாண்டில் வங்கிக்கு 12,000 கோடிக்கு மேல் நட்டம். பொதுத்துறை வங்கி நலிந்தால் அரசுதான் முதல் போட்டுத் தூக்கி நிறுத்த வேண்டும். அது சோப்பு வாங்கும்போது கூலித் தொழிலாளி கட்டும் வரியும் சேர்ந்த பணம். 11,400 கோடியில் ஆளுக்கு 4 லட்சம் வீதம் 2,85,000 மாணவர்களுக்குக் கல்விக் கடன் கொடுத்திருக்கலாம்.

அந்த 4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது விதி. பட்டியல் சாதியினர், பழங்குடியினரின் கடன் விண்ணப்பத்தைக் கிளை மட்டத்திலேயே நிராகரிக்கக் கூடாது, மேல்நிலை அதிகாரிதான் காரணத்தைத் தெளிவாகக் குறிப்பிட்டு நிராகரிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. நம் ஊர்களிலோ, விண்ணப்பத்தையே வாங்காமல் வாய்ச்சொல்லால் திருப்பி அனுப்புகிறார்கள். கோடிகளைத் தடுக்க வேண்டிய விதி தூங்கியது. நமக்கு உதவ வேண்டிய விதி காகிதத்தில் கிடக்கிறது.

மோசடி வெளிவந்ததும், பொதுத்துறை வங்கிகளைத் தனியாருக்கு விற்றுவிடலாம் என்ற குரல் எழுந்தது. இதில் நாம் ஏமாறக் கூடாது. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகுதான் கிராமங்களுக்கு வங்கி வந்தது. இடஒதுக்கீட்டில் நம் பிள்ளைகளுக்கு வேலையும் கிடைத்தது. தனியார் வங்கிக்கு இடஒதுக்கீட்டுக் கடமை இல்லை. திருடன் புகுந்தான் என்பதற்காக வீட்டை விற்பார்களா? பூட்டைச் சரிசெய்ய வேண்டும், காவலில் தூங்கியவரைக் கேள்வி கேட்க வேண்டும்.

வெளிநாட்டுக் கிளைகளின் கணக்குகளைக் கறாராகத் தணிக்கை செய்து நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு கிளையும் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேருக்குக் கடன் கிடைத்தது என்பதை அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். மாணவர்களே, விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இதில் கெஞ்ச ஒன்றுமில்லை. அது நம் பணம், நம் வங்கி.