வயர் இழுத்தால் வம்பில்லை

கேம் கன்சோலுக்கு வைஃபையா, கேபிளா? "ஸ்பீடு டெஸ்ட்ல 100 எம்பிபிஎஸ் வருதே, வயர் எதுக்கு?" என்பது வைஃபை கட்சியின் வாதம்.

படம் பார்க்க அது போதும். வீடியோ சில நொடிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். சண்டை விளையாட்டில் அந்தச் சலுகை கிடையாது. நொடிக்கு 60 ஃபிரேம். ஒன்றுக்கு சுமார் 17 மில்லி செகண்டுதான். வைஃபையிலோ ஒரே சேனலில் வீட்டு மொபைல்களும் லேப்டாப்பும் முறை வைத்துப் பேச வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்றால் மைக்ரோவேவ் அடுப்பும் குறுக்கே புகும். ஸ்பீடு இருந்தும் ஆட்டம் திக்குவது இதனால்தான்.

திக்கினால் எதிராளிக்கும் சேர்த்தே திக்கும். அதனால்தான் 2023-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6, எதிராளி வயரா வைஃபையா என்று காட்டிவிடுகிறது. 2017-ல் லேன் போர்ட் இல்லாமல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் டாக்கிலும், 2021 ஓஎல்இடி மாடலில் போர்ட் சேர்ந்தது.

வாடகை வீட்டில் சுவரைத் துளைக்க முடியாதுதான். அவர்கள் ரவுட்டர் பக்கத்தில் கன்சோலை வைத்து 5 கிகாஹெர்ட்ஸில் ஆடலாம். மற்றவர்கள் கேபிள் இழுப்பதே நியாயம். தோற்பவன் ஆட்டத்தில் தோற்கட்டும், அடுத்தவர் வீட்டு வைஃபையிடம் வேண்டாமே!