விளையாடியவருக்கே வாக்கு

ஸ்டீம் விருதுகளை எந்த விளையாட்டுகள் வென்றன என்பதைவிட, வென்றவற்றைப் பார்த்து விளையாடுபவர்களே சிரித்ததுதான் 2024 ஜனவரியில் பெரிய செய்தியானது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில், வால்வ் நிறுவனம் 2016 முதல் பயனர் வாக்கெடுப்பு நடத்தி இவ்விருதுகளை வழங்கிவருகிறது.

வெளிவந்து காலம் சென்ற பிறகும் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் விளையாட்டுக்கென ஒரு விருது உண்டு. 2023க்கான அந்த விருது ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’க்குப் போனது. அதன் இணையவழிப் பகுதிக்கு இனிப் பெரிய புதுப்பித்தல்கள் வராது என அதை உருவாக்கிய ராக்ஸ்டார் நிறுவனம் 2022இலேயே அறிவித்திருந்தது. ஆண்டுக்கணக்காகப் புதுப்பிக்கப்பட்டுவந்த டென்மார்க்கின் ‘டீப் ராக் கலக்டிக்’ தோற்றது. புதுமைக்கான விருதை, கலவையான விமர்சனம் பெற்ற ‘ஸ்டார்ஃபீல்ட்’ வென்றது. துப்பறிவதற்கென்றே ஒரு முழு நகரத்தைக் கணினியால் உருவாக்கித் தரும் ‘ஷேடோஸ் ஒஃப் டவுட்’ பின்தங்கியது.

வேண்டுமென்றே கேலிக்காகப் போட்ட வாக்கு என்றார்கள் சிலர். கூட்டத்துக்கு ரசனை இல்லை என்றார்கள் வேறு சிலர். வாக்காளரைத் திட்டுவது சுலபம். ஆனால் தவறு வாக்களிப்பு விதியில் இருக்கிறது. ஒரு விளையாட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காதவரும் அதற்கு வாக்களிக்கலாம் என்றால், தெரிந்த பெயரே வெல்லும். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் ‘நம்ம மலையகத்துப் பிள்ளை’ என்பதற்காகவே, பாட்டைக் கேட்காமலும் வாக்குப் போட்டவர்கள் இலங்கை மலையகத்தின் றொசல்லயிலும் ஹட்டனிலும் இல்லையா? அந்தப் பாசத்தில் குற்றமில்லை. அதைத் தகுதிச் சான்றிதழாக அச்சடித்துக் கொடுப்பதே குற்றம். மலையில் பறித்த கொழுந்தின் எடையைத் தராசு சொல்லும். தேயிலையின் தரத்தைக் குடித்துப் பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

அப்படியானால் நடுவர்களிடமே விட்டுவிடலாமே என்பார்கள். ‘த கேம் அவார்ட்ஸ்’ என்ற விருது விழா பெரும்பாலான பிரிவுகளில் நடுவர் குழுவுக்கு 90 சதவீதமும் பொதுமக்களுக்கு 10 சதவீதமும் கொடுக்கிறது. அதற்கும் இடமிருக்கட்டும். ஆனால் நடுவர்கள் ஒரு விளையாட்டுடன் சில நாட்கள் இருப்பார்கள். வேலை முடிந்து வந்து இரவிரவாக அதே விளையாட்டில் ஆயிரம் மணிநேரம் கழித்தவருக்குத் தெரிவது அவர்களுக்குத் தெரியாது. அந்த அறிவுக்கு மேடை வேண்டும். ஆகவே மக்கள் வாக்கை ஒழிக்கக் கூடாது.

இதற்கான வழி வால்வின் கையிலேயே இருக்கிறது. ஸ்டீமில் ஒருவர் விமர்சனம் எழுதினால், அவர் எத்தனை மணிநேரம் விளையாடினார் என்பதும் பக்கத்தில் தெரியும். சாதாரண விமர்சனத்துக்கு உள்ள இந்த ஒழுங்கு விருதுக்கு ஏன் இல்லை? குறைந்தது சில மணிநேரமாவது விளையாடியவருக்கு மட்டும் அந்த விளையாட்டுக்கு வாக்களிக்கும் உரிமை கொடுக்க வேண்டும். புதுப்பித்தலுக்கான விருதில், அந்த ஆண்டு புதுப்பிக்கப்படாத விளையாட்டுகளைப் பரிந்துரைப் பட்டியலிலிருந்தே நீக்க வேண்டும். எந்த விளையாட்டுக்கு எத்தனை வாக்கு என்பதையும் வெளியிட வேண்டும். இவற்றைச் செய்த பிறகும் ‘ஸ்டார்ஃபீல்ட்’ வென்றால், சிரித்தவர்கள்தான் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.