மிலிட்டரி லாரியில் 24 வோல்ட்... ஒரு பேட்டரியைக் கழற்றினால் சரியாகிவிடுமா?

பாண்டிய மன்னனின் படைக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகர் பிறந்த ஊர், மேலூர் பக்கத்திலிருக்கும் திருவாதவூர். அங்கே என் பெரியப்பாவின் தோப்பில் நிற்பது குதிரையல்ல, ராணுவ ஏலத்திலிருந்து கைமாறி வந்த ஒரு பழைய லாரி.

"பேட்டரி ரெண்டு இருக்குப்பா. ஒண்ணைக் கழட்டிட்டா எல்லா வண்டி மாதிரியும் 12 வோல்ட் ஆயிரும்ல?" என்றார் பெரியப்பா. கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால், விஷயம் அப்படியில்லை.

இரண்டாம் உலகப்போர் காலத்து வில்லிஸ் ஜீப்பில் இருந்தது வெறும் 6 வோல்ட். போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் 24 வோல்ட்டுக்கு மாறியது. 1950-ல் வந்த எம் 38 ஜீப்பிலேயே 24 வோல்ட்தான். காரணம் எளிது. ஒரே வேலைக்கு வோல்ட் கூடினால், வயரில் ஓடும் கரன்ட் குறையும்.

60 வாட் ஹெட்லைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 24 வோல்ட்டில் அதற்கு இரண்டரை ஆம்பியர் போதும். அதே 60 வாட்டை 12 வோல்ட்டில் எடுத்தால் 5 ஆம்பியர். கரன்ட் இரண்டு மடங்கானால், அதே வயரில் சூடு நான்கு மடங்காகும். செல்ஃப் மோட்டாருக்குப் போகும் வயரில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும். 24 வோல்ட்டுக்குப் போட்ட பழைய கேபிளை அப்படியே விட்டால், வண்டி திணறும். இன்சுலேஷன் வெடித்திருந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

அதனால் 12 வோல்ட்டுக்கு மாற்றுவது என்றால் பேட்டரி மட்டுமல்ல. செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர், பல்புகள், ஹாரன், வைப்பர் மோட்டார், ஃபிளாஷர், ரிலே, மீட்டர்கள் என வரிசையாக மாற்ற வேண்டும். டீசல் வண்டியில் ஹீட்டர் பிளக் இருந்தால் அதுவும் சேரும். 24 வோல்ட் பல்பு 12-ல் மங்கலாக எரியும். 12 வோல்ட் பல்பு 24-ல் அப்போதே பியூஸ்!

பெரியப்பா இன்னொரு வேலையும் பார்த்திருந்தார். பாட்டு கேட்க, இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் ஸ்டீரியோவுக்கு லைன் இழுத்திருந்தார். ஆல்டர்னேட்டருக்கு இரண்டும் சேர்ந்த மொத்த வோல்ட்தான் தெரியும். லைன் எடுத்த பேட்டரிக்குச் சார்ஜ் பற்றாது. மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகித் தண்ணீர் வற்றும். ஆறு மாதத்தில் ஒரு பேட்டரி போனது இப்படித்தான். புதிதாக வாங்கினாலும் ஜோடியாக, ஒரே வயதுள்ளதாக வாங்குவதே நல்லது.

அப்படியானால் என்ன செய்யலாம்? லாரியை 24 வோல்ட்டிலேயே விட்டுவிடலாம். பெரிய லாரி, பஸ்களில் 24 வோல்ட் உண்டு என்பதால் பல்பும் ரிலேவும் லாரி ஸ்பேர் கடைகளில் கிடைக்கும். செல்போன் சார்ஜருக்கும் ஸ்டீரியோவுக்கும் 24-ஐ 12 ஆக்கித்தரும் கன்வெர்ட்டர் ஒன்று போதும். அதன் ஆம்பியர் அளவு, மாட்டப்போகும் பொருளைவிடக் கூடுதலாக இருக்கட்டும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸ் கட்டாயம்.

மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் ஏற்கெனவே பழுதாகி, எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் மட்டும் 12 வோல்ட்டை யோசியுங்கள். வேலையைத் தொடங்கும் முன் எர்த் டெர்மினலை முதலில் கழற்றுங்கள். ஒவ்வொரு வயரையும் கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரியப்பா கன்வெர்ட்டருக்குச் சம்மதித்துவிட்டார். "அப்போ பழைய லைனை நானே பிச்சிடுறேன்" என்று ஸ்பேனரோடு கிளம்பினார்.

"பெரியப்பா... முதல்ல எர்த்!"