காமிராவைப் பார்க்காதீங்க ஸார்!

எங்கள் மானேஜரை யாராவது வீடியோ எடுத்தால் போதும். வயிறு இரண்டு அங்குலம் உள்ளே போகும். கழுத்து இரண்டு அங்குலம் வெளியே வரும். குரல் மட்டும் நேராக ஆகாசவாணியிலிருந்து வரும்!

மீஞ்சூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிளார்க்காகக் குப்பை கொட்டிக்கொண்டிருக்கிறேன். (கம்பெனி பெயர் வேண்டாமே. இந்த மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை.) போன மாதம் அங்கே ஒரு ரிடையர்மென்ட். கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வரும் பெட்டி, வெளியே போகும் பெட்டி எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் எழுதும் பெரியவர். "சின்னதா ஒரு ஃபங்ஷன் வெச்சிடுவோம்யா. சால்வை, சமோசா, ஒரு வீடியோ... போதும்" என்று மானேஜர் பட்ஜெட் போட்டார். சால்வைக்கு ஒரு தொகை, சமோசாவுக்கு ஒரு தொகை. வீடியோவுக்குப் பூஜ்யம்.

ஆகவே, என் அக்கா பையனைப் பிடித்தேன். விஸ்காம் படிக்கிறான். மாமன் சொன்னால் இலவசமாகச் செய்வான். செய்து முடித்தபின் பிரியாணி கேட்பான்.

"எல்லாரும் வரிசையா வந்து 'நல்லவர், வல்லவர்'னு சொல்ற வீடியோ போரு மாமா. 'தி ஆபீஸ்' மாதிரி எடுக்கலாம்."

"எங்க ஆபீஸையா?"

"இல்ல மாமா, 'தி ஆபீஸ்'."

"அதான்டா, எந்த ஆபீஸ்?"

தலையில் அடித்துக்கொண்டு என் போனில் ஏதோ இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனான்.

நான் திருவொற்றியூர்வாசி. காலையில் ஊரே சென்ட்ரலையும் பீச்சையும் பார்த்து ஓடும்போது, கும்மிடிப்பூண்டி வண்டியில் எதிர்த்திசையில் போகிற புண்ணியவான். உட்கார ஸீட் கிடைக்கும். அமெரிக்க 'தி ஆபீஸ்' ஒரு எபிசோட் சுமார் 22 நிமிஷம். திருவொற்றியூரில் ஆரம்பித்தால், எண்ணூர் தாண்டிப் பாலத்தில் வண்டி தடதடக்கும்போது கிளைமாக்ஸ், நந்தியம்பாக்கத்தில் சுபம்! மொத்தம் 201 எபிசோட். நான் ரிடையர் ஆவதற்குள் முடித்துவிடுவேன்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பேப்பர் விற்கிற ஒரு கம்பெனி. தன்னைத் தானே ரசிக்கிற ஒரு மானேஜர். ஒரு டஜன் சிப்பந்திகள். அந்த ஆபீஸைப் பற்றி டாகுமென்டரி எடுக்க ஒரு காமிரா கோஷ்டி வந்திருக்கிறது. விஷயமே இதுதான். ஆனால் கம்பெனி பொய், டாகுமென்டரி பொய், எல்லாரும் நடிகர்கள். இந்த வகைக்கு மாக்குமென்டரி என்று பெயர். 'மாக்' என்றால் கேலி. என் கணக்கு வாத்தியார் என்னைக் கூப்பிட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது மக்கு.

இந்த வேலையை வெள்ளைக்காரன் ரொம்ப நாளாகவே செய்கிறான். 1957 ஏப்ரல் 1-ம் தேதி, பி.பி.சி. தன்னுடைய கௌரவமான 'பனோரமா' நிகழ்ச்சியில், ஸ்விட்ஸர்லாந்தில் குடியானவர்கள் மரத்திலிருந்து ஸ்பாகெட்டி அறுவடை செய்வதைக் காட்டியது. ஸ்பாகெட்டி என்பது நம்ம சேமியாவுக்குப் பெரியப்பா பிள்ளை. "எங்க தோட்டத்தில் இதை வளர்க்க முடியுமா?" என்று ஜனங்கள் போன் போட்டு விசாரித்தார்கள்! காமிரா நிதானமாகவும், குரல் கம்பீரமாகவும் இருந்துவிட்டால் நாம் எதையும் நம்புவோம் என்று அன்றைக்கே தெரிந்துபோயிற்று. 1984-ல் 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்' என்று, இல்லாத ஒரு ராக் கோஷ்டியைப் பற்றி ஒரு பொய் டாகுமென்டரி சினிமாவே வந்தது.

1990-களில் பிரிட்டிஷ் டி.வி.யில் வேறொரு மோகம். நிஜ ஏர்போர்ட், நிஜ டிரைவிங் ஸ்கூல் என்று போய், நிஜ மனிதர்களைப் படம்பிடித்து ஸீரியல் மாதிரி ஓட்டினார்கள். டிரைவிங் கற்றுக்கொள்ளத் தடுமாறிய ஒரு சாதாரண அம்மாள் 1997-ல் ஒரே ஸீரியலில் நாடறிந்த ஸ்டார்! அதைப் பார்த்து ஒவ்வொரு ஆபீஸிலும் ஒரு மானேஜர் 'நம்ம ஆபீஸுக்கு எப்போ காமிரா வரும்?' என்று தலை வாரிக்கொண்டு காத்திருந்திருப்பார் இல்லையா? அப்படி ஒரு ஆசாமியை ரிக்கி ஜெர்வைஸ், ஸ்டீபன் மெர்ச்சன்ட் என்ற இரண்டு பேர் கற்பனை செய்தார்கள். 2001 ஜூலையில் பி.பி.சி.யில் 'தி ஆபீஸ்' பிறந்தது. கிறிஸ்மஸ் ஸ்பெஷல்களையும் சேர்த்து மொத்தமே 14 எபிசோட். அமெரிக்கா அதை வாங்கி 2005-லிருந்து 2013 வரை ஓட்டியது. 2019-ல் ஹாட்ஸ்டார் இந்தியில் எடுத்தபோது அந்தப் பேப்பர் கம்பெனி ஃபரிதாபாதுக்கு வந்துவிட்டது. அதற்கு முன்பே 2016-ல் நவீன் ரிச்சர்ட் கோஷ்டி, யூடியூபில் 'பெட்டர் லைஃப் ஃபவுண்டேஷன்' என்று ஒரு தொண்டு நிறுவனத்தை வைத்து இதே பாணியில் கலாய்த்திருக்கிறது.

"இதுல தொழில் ரகசியம் ஒண்ணே ஒண்ணுதான் மாமா" என்றான் அக்கா பையன். "ஒரே ஆளுக்கு மூணு முகம்."

"ரஜினி படமாச்சே?"

"குறுக்கே பேசாதீங்க. காமிரா இருக்குன்னு தெரிஞ்சு எல்லார் முன்னாடியும் நடந்துக்கறது ஒரு முகம். தனியா ஒரு நாற்காலியில உட்கார வெச்சுக் கேட்டா காமிராகிட்ட சொல்றது ரெண்டாவது முகம். காமிரா கதவிடுக்கு வழியா ஒளிஞ்சு எடுக்கறப்ப, தெரியாம மாட்டிக்கறது மூணாவது முகம். இந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது. அந்த இடத்துலதான் சிரிப்பு."

வாஸ்தவம். மானேஜர் நாற்காலியில் உட்கார்ந்து 'நான் யார் மனசையும் நோகடிக்க மாட்டேன்' என்கிற ரீதியில் பேசுவார். அடுத்த ஷாட்டில் ஒருத்தரை நோகடித்துக்கொண்டிருப்பார். வசனகர்த்தா ஜோக் எழுதவே இல்லை. இரண்டு துண்டு ஃபிலிமை ஒட்டியதுதான் ஜோக்!

அப்புறம் அந்தப் பார்வை. பழைய காமெடி ஸீரியல்களில் யாராவது இருமினால்கூடப் பின்னாலிருந்து 'ஹா... ஹா...' என்று ஒரு கூட்டம் சிரிக்கும். 1950-களில் சார்லி டக்ளஸ் என்ற அமெரிக்க சவுண்ட் இன்ஜினீயர் சிரிப்பை டேப்பில் பிடித்து ஒரு மிஷினில் அடைத்து, வேண்டும்போது பட்டனைத் தட்டிச் சிரிக்கவைத்த உபயம். 'தி ஆபீஸி'ல் அந்தச் சிரிப்பு கிடையாது. அதற்குப் பதில், மானேஜர் அபத்தமாக ஏதாவது உளறும்போது ஜிம் என்கிற சேல்ஸ்மேன் மெள்ளத் திரும்பிக் காமிராவை ஒரு பார்வை பார்ப்பான். வசனமே கிடையாது. 'பார்த்தீங்களா ஸார் என் பிழைப்பை?' என்று நம்மைக் கேட்பது போல இருக்கும்.

யோசித்துப் பாருங்கள். பாஸிடம் பதில் பேச முடியாதவனுக்கு, சாட்சி சொல்ல ஒரு ஆள் கிடைத்துவிட்டான். சம்பளக்காரர்களுக்கு இந்த ஸீரியல் ஏன் இனிக்கிறது என்று இப்போது தெரிகிறதா? ரயிலில் பார்க்கும்போதெல்லாம் நான்தான் ஜிம் என்று தீர்மானமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

யார்டுக்குக் காமிராவோடு வந்த பையன், இதையெல்லாம் கேட் பெரியவருக்குப் பொறுமையாக விளக்கினான். அவர் பொன்னேரி பக்கத்து கிராமத்துக்காரர். காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இது இன்னா தம்பி புச்சு? கூத்துல கட்டியங்காரன் செய்யறதுதானே" என்றார்.

பையன் 'ஙே' என்று விழித்தான்.

"திரௌபதி அம்மன் திருவிழாவுல கூத்து பார்த்ததில்லியா? ராஜா திரைக்குப் பின்னால வந்து நிப்பாரு. கட்டியங்காரன், 'தாங்கள் யாரு, எந்த நாடு?'ன்னு கேப்பான். ராஜா தன் பெருமையைத் தானே அளப்பாரு. இவன் ஜனங்க பக்கம் திரும்பி ஒரு பார்வை பாப்பான். அவ்ளோதான், ஊரே சிரிக்கும். ராஜாவால ஒண்ணும் பண்ண முடியாது. ஏன்னா, விடியற வரைக்கும் கூத்து நடக்க அவனும் வேணுமே!"

பேட்டி, பெருமை, பார்வை... எல்லாமே இருக்கிறது! ஸ்பைனல் டாப்பெல்லாம் அப்புறம்.

ஷூட்டிங் தொடங்கியது. மானேஜர் மூன்று முறை தலைவாரிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து திருவாய் மலர்ந்தார். "எங்க யார்ட் ஒரு குடும்பம். பெரியவர் எனக்கு அப்பா மாதிரி."

"காமிராவைப் பார்க்காதீங்க ஸார், என்னைப் பாருங்க" என்று பையன் கெஞ்சினான். அவர் கண்ணை எடுக்கவே இல்லை. காதலியைக்கூட அவர் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

அடுத்து பெரியவர். கேட் பூத்திலேயே எடுத்தான். வெளியே லாரி வரிசை, உள்ளே ஒரு ஃபேன், அவர் முன்னால் ரிஜிஸ்டர். "14 வருஷம் இங்கே என்ன வேலை பார்த்தீங்க தாத்தா?" என்று கேட்டான்.

"பெட்டி வந்தா நம்பரு எழுதணும். நாலு எழுத்து, ஏழு நம்பரு. அப்புறம் ஸீல் நம்பரு. அப்புறம் சுத்தி வந்து பாத்து, எங்கெங்க நசுங்கி இருக்கு, எங்க ஓட்டைன்னு குறிச்சுக்கணும். வரும்போதே இருந்த அடியா, நம்ம கிட்ட வந்து பட்ட அடியான்னு நாளைக்குப் பேச்சு வரும் பாரு, அதுக்கு." கொஞ்சம் நிறுத்தினார். "14 வருஷமா எல்லாப் பெட்டிக்கும் எழுதினேன். எனக்குத்தான் யாரும் எழுதி வெக்கல."

அதற்கப்புறம் பேசவில்லை. காமிராவைப் பார்த்தார். பையன் 'கட்' சொல்ல மறந்துவிட்டான்.

விஷயம் எனக்குத் தெரியும். அவர் யார்டின் நேரடி ஆள் இல்லை. கான்ட்ராக்ட். 14 வருஷத்தில் மூன்று கான்ட்ராக்டர் மாறினார்கள். ஒவ்வொருத்தர் வரும்போதும் அவர் சர்வீஸ் ஒன்றாம் நாளிலிருந்து ஆரம்பிக்கும். காகிதப்படி அவருடைய சர்வீஸ் 3 வருஷம்தான். ஆகவே சால்வை, சமோசா.

அன்று ராத்திரி என் வீட்டில் உட்கார்ந்து எடிட்டிங். பையன் மானேஜர் பேட்டியை ஓட்டினான். "மாமா, இங்க பாருங்க" என்று நிறுத்தினான். பின்னணியில், கண்ணாடிக் கதவுக்கு அப்பால், ஃபைலோடு ஒரு ஆள். 'குடும்பம்' என்று மானேஜர் சொல்லும்போது ஒரு தலையாட்டல். 'அப்பா மாதிரி' என்றதும் இரண்டு. கூடவே ஒரு அசட்டுச் சிரிப்பு. காமிரா தன்னையும் எடுக்கிறது என்று தெரியாத மூன்றாவது முகம்.

நான்தான்.

'தி ஆபீஸி'ல் டுவைட் என்று ஒருத்தன் உண்டு. பாஸ் தும்மினால் கைக்குட்டை நீட்டுகிற ஜாதி. இவ்வளவு நாள் நான் ஜிம் என்று நினைத்திருந்தது, ஒரே நொடியில் டுவைட்! பெரியவருக்கு ஒவ்வொரு முறை கான்ட்ராக்ட் மாறியபோதும் அந்தக் காகிதத்தை டைப் அடித்தவனும் நானேதான்.

"பெரியவர் பேசினதை வெச்சுக்கவா, தூக்கிடவா மாமா?"

பெண்டாட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வெச்சுக்கோ" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"உங்க தலையாட்டல்?"

"...அதையும்தான்டா."

ஃபங்ஷன் நடந்தது. வீடியோ ஓடியது. மானேஜர் பேசியதும் கைத்தட்டல். அடுத்து பெரியவர். 'எனக்குத்தான் யாரும் எழுதி வெக்கல' என்று அவர் திரையிலிருந்து எல்லாரையும் பார்த்தபோது, சமோசா கடிக்கிற சத்தம்கூட நின்றுபோயிற்று. பட்டனைத் தட்டிச் சிரிக்கவைக்கும் மிஷின் எதுவும் அங்கே இல்லை. மானேஜர் மெள்ளத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வழக்கப்படி திரும்பிப் பார்க்க ஒரு காமிராவைத் தேடினேன். அன்றைக்கென்று பையன் அதைப் பையில் போட்டு மூடியிருந்தான்!

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். மறுநாள் மானேஜர் கூப்பிட்டார். கழுத்து சாதாரண நீளத்தில் இருந்தது. "அந்த ரிஜிஸ்டர் எல்லாம் இருக்காய்யா?" என்றார். 14 வருஷத்து ரிஜிஸ்டர்களும் கோடவுனில் இருந்தன. ஒவ்வொரு பக்கத்திலும் அடியில் பெரியவர் கையெழுத்து. அவரை யாரும் எழுதி வைக்கவில்லைதான். ஆனால் அவரே எழுதி வைத்திருக்கிறார்! அதையெல்லாம் சாட்சியாகக் காட்டி ஹெட் ஆபீஸுக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது. டைப் அடித்தது நான். மானேஜர் கையெழுத்துப் போட்டார். பதில் இன்னும் வரவில்லை. பெரியவர் வாராவாரம் போன் செய்து, பதிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், "பூத்துல ஃபேன் ஓடுதா?" என்று மட்டும் கேட்கிறார்.

அமெரிக்காவில் அந்தக் காமிரா கோஷ்டிக்கு இன்னும் வேலை இருக்கிறது. 2025-ல் வந்த 'தி பேப்பர்' ஸீரியலில் அதே கோஷ்டி ஒரு பத்திரிகை ஆபீஸுக்குள் நுழைந்திருக்கிறது. அடுத்து மீஞ்சூர் பக்கம் வந்தாலும் வரலாம்.

எதற்கும் இருக்கட்டும் என்று, இப்போதெல்லாம் மானேஜர் ரூமில் 'ஆமா ஸார்' சொல்வதற்கு முன்னால், மேலே இருக்கிற ஸி.ஸி.டி.வி.யை ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் மானேஜர் கேட்டேவிட்டார்.

"என்னய்யா, அடிக்கடி மேலே பார்க்கறே? அது ரிப்பேராகி ஆறு மாசமாச்சு!"